வாங்க முடியாதவன் பேசலாமா?

2024 அக்டோபரில் மியூனிக் நகரில் ஒரு சதுர வாட்ச் வெளியானது. ஜெனிவாவின் படேக் ஃபிலிப் நிறுவனம் அதற்குக் க்யூபிடஸ் என்று பெயர் வைத்திருந்தது. 1999இல் வந்த ட்வென்ட்டி ஃபோருக்குப் பிறகு, கால் நூற்றாண்டு கழித்து அவர்கள் தொடங்கிய முதல் புதிய வரிசை இது. வந்தவை மூன்று. மூன்றும் 45 மில்லிமீட்டர். பச்சை டயல் வைத்த எவர்சில்வர் வாட்ச் 41,240 டாலர். எவர்சில்வரும் ரோஸ் தங்கமும் கலந்தது 61,280 டாலர். பெரிய தேதியும் கிழமையும் பிறையும் காட்டும் பிளாட்டினம் வாட்ச் 88,380 டாலர். இவற்றில் மலிவானதே அன்றைய மாற்று மதிப்பில் ஏறக்குறைய 35 லட்சம் ரூபாய்.

வெளியீட்டுக்கு முன்பே ரகசியம் உடைந்துவிட்டது. உடைத்தது ஃபார்ச்சூன் பத்திரிகையில் முந்திக்கொண்டு அச்சான ஒரு விளம்பரம். இந்தக் காலத்திலும் ஒரு பெரிய ரகசியத்தைக் காகிதம்தான் போட்டு உடைத்தது என்பதில் அச்சுத்தொழிலோடு மல்லுக்கட்டும் எங்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பிறகு வாட்ச் பிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். ஒரு கட்சி சொன்னது: ரொம்பப் பெரிது, படேக்கின் பழைய நாட்டிலஸ் வாட்சை நான்கு பக்கமும் தட்டிச் சதுரமாக்கியிருக்கிறார்கள், சதுரப் பெட்டிக்குள் வட்டமான இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது, எவர்சில்வருக்கு இந்த விலையா? மறு கட்சியின் பதில் ஒரே வரி: 1972இல் ஆடெமார் பிகே நிறுவனத்தின் ராயல் ஓக் வாட்சைப் பார்த்தும் இப்படித்தான் சிரித்தார்கள். படேக்கின் தலைவர் தியெரி ஸ்டெர்ன் இந்தச் சண்டையை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். வசை பாடுகிறவர்களில் பெரும்பாலோர் இதுவரை ஒரு படேக்கை வைத்திருந்தவர்களும் இல்லை, இனி வைத்திருக்கப் போகிறவர்களும் இல்லை என்ற பொருளில் அவர் பேசினார்.

இந்த இதழில் இதைப் பற்றி எழுத வைத்தது அந்தப் பேச்சுதான். எங்கள் குழுவில் யாரிடமும் படேக் இல்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. சந்தா பாக்கி முழுவதும் வசூலானாலும் வராது. ஆனால் சோழர் காலச் செப்புத் திருமேனியை வீட்டில் வைத்திருக்கிறவன்தான் அதன் இடுப்பு வளைவைப் பற்றிப் பேசலாம் என்று யாராவது சொன்னால், அருங்காட்சியகங்களை இழுத்துப் பூட்டிவிட வேண்டியதுதான். ஒரு பொருள் அழகாக இருக்கிறதா என்ற கேள்விக்கும் அதை வாங்க நம்மால் முடியுமா என்ற கேள்விக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் முடிச்சுப்போட்டால் லாபம் விற்கிறவருக்கு.

ராயல் ஓக் கதைக்கு வருவோம். எல்லோரும் அதைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள், கிட்டப் போய்ப் பார்ப்பதில்லை.

1969 கிறிஸ்துமஸ் அன்று சைகோ நிறுவனம் டோக்கியோவில் அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் வாட்சை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். அந்தப் பணத்தில் அன்று ஒரு சிறிய டொயோட்டா கார் வாங்கியிருக்கலாம். நேரம் காட்டுவதில் எந்தச் சுவிஸ் இயந்திரமும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அடுத்த சில ஆண்டுகளில் குவார்ட்ஸ் விலை மளமளவென்று இறங்கியது. சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1970இல் சுமார் 90,000 பேர் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் அது மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

அந்தப் புயலின் தொடக்கத்தில், 1972இல், ஆடெமார் பிகே பாசல் கண்காட்சிக்கு ஓர் எவர்சில்வர் வாட்சைக் கொண்டுவந்தது. அதுதான் ராயல் ஓக். வரைந்தவர் ஜெரால்ட் ஜெண்டா. சாயங்காலம் தொலைபேசியில் கேட்டார்கள், காலையில் கொடுத்துவிட்டேன் என்று அவர் பிற்பாடு சொன்ன கதை வாட்ச் உலகின் புராணமாகிவிட்டது. விலை 3,300 சுவிஸ் பிராங்க். அன்று பல தங்க வாட்சுகளே அதைவிடக் குறைவு. விட்டம் 39 மில்லிமீட்டர். அந்தக் காலக் கணக்குக்குப் பூதம். ஆனால் உள்ளே இருந்த 2121 என்ற இயந்திரத்தின் கனம் 3.05 மில்லிமீட்டர்தான்.

அதன் முகத்தைப் பாருங்கள். எண்கோண வளையம், சுற்றிலும் அறுகோணத் தலை வைத்த எட்டு வெள்ளைத் தங்கத் திருகுகள். ஒவ்வொரு தலையிலும் ஒரு கோடு. எட்டுக் கோடும் ஒரு வட்டத்தின் விளிம்பைத் தொட்டுப் போவதுபோல ஒழுங்காக நிற்கும். சாதாரணத் திருகை முடுக்கினால் அது தன்னிஷ்டத்துக்கு ஏதோ ஒரு கோணத்தில் போய் நிற்கும். எட்டில் இரண்டு கோணலாகத்தான் இருக்கும். இங்கே தலை அறுகோணக் குழிக்குள் பதிந்திருப்பதால் அது சுழலவே முடியாது. முடுக்குவதெல்லாம் பின்பக்கத்திலிருந்து. மேலே அலங்காரமாகத் தெரியும் அந்த எட்டும்தான் வாட்சையே மேலிருந்து கீழ்வரை சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டால் அழகு போகும், வாட்சும் போகும். இதைப் பார்த்துச் செய்த மலிவுப் போலிகள் பலவற்றில் உண்மையான திருகுகள் இருக்கும். அவை ஆளுக்கொரு திசை பார்க்கும்.

இன்னொரு சங்கதி. முதல் மாதிரிகளை வெள்ளைத் தங்கத்தில் செய்து பார்த்தார்கள். தங்கம் கருவிக்கு இணங்கும், எவர்சில்வர் முரண்டு பிடிக்கும். அந்த எவர்சில்வரில்தான் இந்த வேலையெல்லாம். ஒரு பரப்பை மங்கலாகத் தேய்த்து, அதன் விளிம்பை மட்டும் கண்ணாடியாக மெருகேற்றி, அடுத்த பரப்பை மறுபடி மங்கலாக விடுவது. மணிக்கட்டைச் சுற்றிக் கண்ணிக்குக் கண்ணி அகலம் குறைந்துகொண்டே போகும் செயின். எவர்சில்வருக்கு ஏன் இந்த விலை என்று 1972இல் கேட்டவர்களுக்குப் பதில் அந்தப் பொருளிலேயே இருந்தது. உடனே எல்லோரும் அதைப் படித்துவிடவில்லை, விற்பனை சூடுபிடிக்க நாளாயிற்று. ஆனால் பதில் இருந்தது.

நான்கு ஆண்டு கழித்து, 1976இல், அதே ஜெண்டா படேக்குக்கு வரைந்ததுதான் நாட்டிலஸ். கப்பலின் வட்டச் சன்னல்தான் அதற்கு மூலம். அந்தச் சன்னலை இறுக மூடப் பக்கவாட்டில் கீல்கள் உண்டு; வாட்சின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் காதுகள் அவைதான். முதல் நாட்டிலஸில் அந்தக் காதுகளுக்கு வேலையும் இருந்தது. மேல் வளையத்தையும் அடிப்பெட்டியையும் அங்கேதான் பக்கவாட்டுத் திருகுகளால் பூட்டினார்கள்.

இப்போது க்யூபிடஸுக்கு வருவோம். சதுரத்தின் இரண்டு பக்கத்திலும் அதே காதுகள். டயலில் நாட்டிலஸின் அதே கிடைக்கோடுகள். அதே பாணிச் செயின். எவர்சில்வர் வாட்சின் உள்ளே ஓடுவதும் நாட்டிலஸில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 26-330 வகை இயந்திரம். வட்டச் சன்னலுக்குக் காது இருப்பதன் நியாயம் புரிகிறது. சதுரத்துக்கு எதற்கு? நாட்டிலஸின் உறவுக்காரன் என்று அடையாளம் காட்டத்தான். ஸ்டெர்ன் குடும்பம் டயல் செய்யும் தொழிலிலிருந்து வந்து 1932இல் படேக்கை வாங்கிய குடும்பம். அவர்கள் வீட்டிலிருந்து வந்த புதிய வரிசையின் டயலில் புதிதாக ஒரு யோசனையும் இல்லை என்பது எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

நல்லதும் உண்டு, சொல்லிவிட வேண்டும். அவ்வளவு அகலமான எவர்சில்வர் வாட்சை 8.3 மில்லிமீட்டர் கனத்தில் அடக்கியது தொழில். பிளாட்டினம் வாட்சில் தேதியும் கிழமையும் பிறையும் நள்ளிரவில் சட்டென்று ஒன்றாக மாறும். அதற்கென்றே புதிதாக ஓர் இயந்திரம் அமைத்தார்கள். மூன்றில் அது ஒன்றுக்குத்தான் புதிய வாட்ச் என்ற பெயர் பொருந்தும். சண்டை மூண்டது என்னவோ பச்சை டயலைப் பற்றித்தான்.

ஏன் என்பது விலையில் இருக்கிறது. பட்டியல் விலையில் அல்ல, மறுவிற்பனை விலையில். 2021இல் படேக் எவர்சில்வர் நாட்டிலஸ் 5711ஐ நிறுத்தியது. ஒரே ஒரு மாடல் நிறுவனத்தையே விழுங்கிவிடக் கூடாது என்பது ஸ்டெர்ன் சொன்ன காரணம். அது நியாயமான கவலைதான். அந்த ஆண்டு டிசம்பரில் டிஃபனி நகை நிறுவனத்தின் நீல நிறத்தில் டயல் வைத்த 5711 ஒன்று நியூயார்க் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. தர்ம காரியத்துக்கான ஏலம் என்பதால் அதை அளவுகோலாக்க முடியாது. ஆனால் சாதாரண நீல டயல் 5711கூட 2022 தொடக்கத்தில் பட்டியல் விலையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் கைமாறியது. கடையில் பெயர் எழுதிவைத்துக் காத்திருப்பது, கடைக்காரர் மனம் குளிர வேறு வாட்சுகளை வாங்குவது, கிடைத்ததும் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் விற்பது என்று ஒரு வாழ்க்கைமுறையே உருவானது.

அந்தப் பழக்கம் கண்ணைக் கெடுத்துவிட்டது. 1972இல் வாட்ச் பிரியர் கேட்ட கேள்வி, இதற்கு ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது. 2024இல் அவர் கேட்டது, இதை வாங்கினால் நாளைக்கு எவ்வளவுக்குப் போகும் என்பது. அலங்கோலம் என்று காலையில் திட்டியவரே மதியம் கடைக்குப் போன் போட்டுப் பட்டியலில் பெயர் சேர்ப்பதில் முரண் ஏதுமில்லை. திட்டியது ரசிகர், போன் போட்டது முதலீட்டாளர். வடிவத்தைப் பற்றிய பேச்சு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, மேல்துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் மாட்டுச்சந்தைப் பேச்சு.

வடிவத்துக்கும் விலைக்கும் அப்படியொன்றும் பிரிக்க முடியாத உறவு கிடையாது. 2021இல் டிஸ்ஸோ நிறுவனம் பி.ஆர்.எக்ஸ். என்று ஒரு வாட்சை விட்டது. அந்த நிறுவனமே 1978இல் செய்த ஒன்றின் மறுபிறவி. பெட்டியோடு ஒட்டி இறங்கும் செயின், மங்கலும் மெருகும் மாறிமாறி வரும் பரப்பு என்று எழுபதுகளின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது. வெளியானபோது அதன் குவார்ட்ஸ் மாடலின் விலை 375 டாலர். படேக்கின் கைவேலை அதில் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் கை நீட்டி நேரம் பார்க்கும்போது கண்ணுக்குக் கிடைக்கிற வடிவத்தின் பெரும்பகுதி அங்கே கிடைத்துவிடுகிறது. க்யூபிடஸின் விலையிலிருந்து 375ஐக் கழித்துவிட்டு, மிச்சத்தில் எவ்வளவு கைவேலை, எவ்வளவு பெயர், எவ்வளவு காத்திருப்போர் பட்டியல் என்று பிரித்துக் கேட்பது பொறாமை அல்ல. சொல்லப்போனால் ரசனையின் அடிப்படைக் கடமையே அதுதான்.

ராயல் ஓக்கையும் கேலி செய்தார்களே என்ற வாதம் மிச்சமிருக்கிறது. கேலிக்கு ஆளானதெல்லாம் காவியமாகிவிடாது. கேலி செய்யப்பட்டு அப்படியே மறக்கப்பட்ட வாட்சுகளின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். 2019இல் ஆடெமார் பிகே நிறுவனமே கோட் 11.59 என்று ஒரு வரிசையை விட்டுக் கடுமையாக வாங்கிக் கட்டிக்கொண்டது. டயல் வெறுமையாக இருக்கிறது என்பது முக்கியமான புகார். அப்போதும் ராயல் ஓக்கைத்தான் கேடயமாகப் பிடித்தார்கள். ஆனால் 2023இல் அதே வரிசை எவர்சில்வரில் வந்தபோது டயலில் வட்ட அலைகளாகப் பரவும் புதிய வேலைப்பாடு இருந்தது, திட்டியவர்களில் பலர் மனம் மாறினார்கள். வசை பாடியவர்களில் எத்தனை பேர் ஆடெமார் பிகே வைத்திருந்தார்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. குறை குறையாகத்தான் இருந்தது, திருத்தம் திருத்தமாக வந்தது.

படேக்கும் 2025 ஏப்ரலில் 40 மில்லிமீட்டர் க்யூபிடஸைக் கொண்டுவந்தது. அரை வருடத்தில் ஒரு வாட்சை யோசித்துச் செய்துவிட முடியாது, எனவே அது விமர்சனத்துக்குப் பதில் என்று சொல்லமாட்டோம். முன்பே மேசையில் இருந்திருக்கும். அளவு குறைந்ததும் சதுரம் கையில் அடங்கி உட்காருகிறது. 45க்குப் பதில் முதலிலேயே இதை விட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. ஆனால் அது வெள்ளைத் தங்கத்திலும் ரோஸ் தங்கத்திலும் மட்டுமே வந்தது. எவர்சில்வர் கேட்டவர்களுக்கு அப்போதும் பெரியதுதான்.

எங்கள் தீர்ப்பு: பிளாட்டினம் வாட்சின் இயந்திரம் மதிக்கத் தக்கது, 40 மில்லிமீட்டர் வாட்சின் அளவு சரியானது, 41,240 டாலர் எவர்சில்வர் வாட்ச் அந்த விலைக்குத் தன் முகத்தில் பதில் வைத்திருக்கவில்லை. மறுத்து எழுத விரும்பும் நண்பர்கள் அடுத்த இதழுக்கு எழுதலாம். கட்டுரை ஆயிரம் வார்த்தைக்குள் இருந்தால் போதும். கையில் என்ன வாட்ச் கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டோம்.