ஆபரேஷனுக்குப் பிறகு யார் பொறுப்பு?

சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பாண்டேஜ் துணி எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் காயம் கட்டப் பயன்படுகிறது. அந்தத் தறித் தொழிலாளிக்கும், ராஜபாளையம் பஞ்சாலைத் தோழனுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் வயலில் நாற்று நடும் தாய்க்கும் குடலில் நோய் வந்தால் என்ன கதி? இதைப் பேச நாம் கூச்சப்படுகிறோம். கூச்சத்தை விட்டுப் பேசுவோம், தோழர்களே!

குடலில் புற்றுநோய், அடைப்பு, ஓட்டை, விபத்துக் காயம் என்று வரும்போது, சிலருக்கு வயிற்றில் திறப்பு வைத்துக் குடலின் வாயை வெளியே தைக்கிறார்கள். மலம் அவ்வழியே ஒரு பையில் சேர்கிறது. சிலருக்குச் சில மாதம். சிலருக்கு ஆயுள் முழுதும். இது முன்வினையுமல்ல, தொற்றுநோயுமல்ல. உயிர் காத்த வைத்தியம்.

பக்கவாதத்தில் கை விழுந்தவர், இயந்திரத்தில் விரல் இழந்தவர், கண் மங்கிய முதியவர் ஆகியோர் இந்தப் பையைத் தனியே மாற்றுவது கடினம். வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்க, கனத்தால் பெயர்ந்துவிடும். மாற்றும்போது வெதுவெதுப்பான நீரால் தோலைக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். எண்ணெயோ பவுடரோ பூசினால் ஒட்டாது. தகட்டில் வெட்டும் துளை, குடல்வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். முதல் வாரங்களில் குடல்வாய் சுருங்கும். அளவு நிலைத்தபின் ஒரு வாரத்துக்கானதை முன்கூட்டியே வெட்டி வைக்கலாம். எதிரே கண்ணாடி வைத்தால், ஒரு கை உள்ளவரும் தானே அழுத்தி ஒட்டலாம். அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். மானம் அதில் இருக்கிறது.

குடல்வாய் வாயின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும். துடைக்கையில் சொட்டு ரத்தம் வந்தால் பயமில்லை. கறுத்துப்போனாலோ, மலம் நின்று வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அன்பிருந்தால் கற்றுக்கொள்ளலாம். ஆனால் மாதாமாதம் பை வாங்க அன்பு மட்டும் போதுமா? துணைக்கு இருக்கும் மனைவியின் கூலி போகிறது. பைக்குக் காசில்லாமல் பழந்துணியைக் கட்டினால் தோல் வெந்து புண்ணாகிறது. 2022 ஜூலை 18 முதல் இந்தப் பைகளின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் பையையே வாங்க முடியாதவனுக்கு வரிக் குறைப்பால் என்ன லாபம்?

1948இல் நம் நாட்டில் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. அதே ஆண்டு பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை பிறந்தது. இங்கிலாந்தில் நிரந்தரமாக இப்படித் திறப்பு வைக்கப்பட்டவருக்கு மருந்துச்சீட்டுக் கட்டணம் கிடையாது. இங்கே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. குடல்வாய் வைத்தவர் அதில் இல்லை.

2021 ஆகஸ்டில் தமிழக சர்க்கார் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வயிற்று டயாலிசிஸ் பையை வீட்டிலேயே கொடுக்க வகை செய்தது. அவர்களுக்குப் பை வீடு தேடி வரலாமென்றால், குடல் நோயாளிக்கு ஏன் வரக்கூடாது?

ஆகவே நாம் கோருவது: ஆஸ்பத்திரியை விட்டு அனுப்புமுன் நோயாளிக்கும் வீட்டாருக்கும் கையால் செய்துகாட்டிக் கற்பிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலும் பையை இலவசமாகத் தர வேண்டும். கை கால் முடங்கியவர் வீட்டுக்கு நர்ஸ் வர வேண்டும்.

சங்கக் கிளைகள் தெருத்தெருவாக விசாரிக்கட்டும். கதவடைத்துக் கிடக்கும் நோயாளிகளைக் கண்டறிந்து, மனுக்களோடு திரளுவோம். உழைத்துத் தேய்ந்த உடலைப் பேணுவது தர்மமல்ல, உரிமை!