திறனாளர் எவர்?

அயலாருக்கு வேலை அனுமதி வழங்குவதும் மறுப்பதும் ஒரு நாட்டின் உரிமை. அதனை மறுப்பார் இலர். எந்த அளவுகோல் கொண்டு வழங்குவது என்பதே வினா. மலேசியாவில் அந்த அளவுகோலுக்குத் ‘திறன்’ என்று பெயர். ஆனால் அத்திறனை அளப்பது சம்பளம். திறனும் சம்பளமும் ஒன்றல்ல என்பதற்குக் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாறே சான்று.

2017 செப்டம்பரில் நடப்புக்கு வந்த விதிகளைக் காண்க. அவற்றின்படி, மாதம் 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் பெற்ற அயல்நாட்டு நிபுணருக்கு ஐந்தாண்டு வரை அனுமதி வழங்கப்பட்டது; 5,000 முதல் 9,999 வெள்ளி வரை பெற்றோருக்கு இரண்டாண்டு வரை. இவ்விரு பிரிவினரும் மனைவி மக்களை உடனழைத்து வர முடிந்தது. 3,000 முதல் 4,999 வெள்ளி வரை பெற்றோருக்கு ஓராண்டே கிடைத்தது. குடும்பத்தை அழைக்க வழியிருக்கவில்லை. ஆயிரம் வெள்ளி குறைந்தால் அறிவும் குறைந்துவிடுமோ? தொகைகளைத் திருத்தலாம், ஆனால் பணத்தைக் கொண்டு மனிதனை நிறுக்கும் முறை திருந்தினாலன்றி நீதி பிறக்காது.

இந்தப் படிகளுக்கும் கீழே நிற்பவர் தோட்டத்துக்கு வரும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும். அவர்களுக்குரியது வேறு சீட்டு. குடும்பத்தை அழைத்தல் ஆகாது. இங்கே மணம் புரிதல் ஆகாது. விரும்பியபடி முதலாளியை மாற்றிக்கொள்ளவும் இயலாது. அவர்களுக்கு ஏடுகள் சூட்டும் பெயர் ‘திறன் குறைந்தோர்’.

உண்மையில் தோட்ட வேலை திறனற்ற வேலைதானா? பால்மரம் சீவுவோர் பட்டையை மெல்லிய இழையாகச் சீவுதல் வேண்டும். உளி சற்று ஆழ்ந்தால் மரம் காயப்படும்; புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும்; பின்னர் அவ்விடத்தில் சீவுதல் அரிதாகும். ஆழம் குறைந்தாலோ பால் இறங்காது. வெயில் ஏறுமுன், இருளிலேயே, நூற்றுக்கணக்கான மரங்களில் பிழையின்றி இது நிகழ வேண்டும். செம்பனைக் குலை பழுத்ததை உதிர்ந்த பழங்களைக் கொண்டு அறிந்து, நெடுங்கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் அறுத்து வீழ்த்துவதும் ஒரு கலையே. இவற்றைப் பயிலப் பட்டம் இல்லை. எனவே திறனும் இல்லை என்பது ஏட்டுக் கணக்கு.

இந்தக் கணக்கு இன்று எழுதப்பட்டதன்று. 1917-இல் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கியது கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரத் தோட்டத்தில்தான். பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் அந்த மண்ணில் பாடுபட்டோருள் தமிழர் பலர். நாட்டின் பெருந்தொழில் ஒன்றுக்கு வித்திட்ட அவர்களும் ஏட்டில் ‘திறனற்ற கூலிகளே’. 1938-இல் இந்திய அரசு உதவி பெற்றுக் குடிபெயர்வோர்க்குத் தடை விதித்தபோதும் அந்தச் சொல்லே கையாளப்பட்டது.

அச்சொல்லின் கொடுமை 1969-இல் வெளிப்பட்டது. 1968-இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் அனுமதிச் சீட்டின்றி வேலை செய்தல் கூடாது என்றது. 1969 மே நிகழ்வுகளுக்குப் பின் அது கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் திகைத்தனர். பலர் விண்ணப்பத்தின் பொருள் அறியாதவர். பிறப்புக்குச் சான்று இல்லாதவர். மலாய் மொழித் தேர்வுக்கு அஞ்சிக் குடியுரிமை கோராதவர். பல்லாண்டு காலம் சீவிய அதே மரத்தைச் சீவ, புதிதாக வந்திறங்கிய அயலார்போல் சீட்டுக் கேட்டு நின்றனர். ஏறக்குறைய 60,000 பேர் இந்தியா சென்றனர் என்பர். பிள்ளை இங்கே, பெற்றோர் அங்கே எனக் குடும்பங்கள் பிரிந்தன. கறிக்கு மணமூட்டிய கறிவேப்பிலை இலையோரத்தில் ஒதுக்கப்பட்டது.

குடிமக்களின் வேலையைக் காக்கவே அச்சட்டம் என்பர் சிலர். நோக்கம் நன்றே, விளைவு யாது? தோட்டங்கள் ஆள் பற்றாக்குறை என்று முறையிடலாயின. 1984-இல் மேடானில் இந்தோனேசியாவுடன் தொழிலாளர் ஒப்பந்தம் செய்யப்பட்டது. இருந்தவரைச் சீட்டில்லை என்று அனுப்பிவிட்டு, இல்லாதவரைச் சீட்டுக் கொடுத்து வரவழைப்பது எவ்வகைக் காப்பு? அன்று தமிழர் வாழ்ந்த லயங்களில் இன்று அயலார் வாழ்கின்றனர். அவர்களைப் பகைவராகக் கருதுதல் பேதைமை. நேற்றுத் தமிழன் தலையில் ஏற்றிய சுமையே இன்று அவர்கள் தலையில்.

1969-இன் வடுவும் இன்னும் ஆறவில்லை. ஆவணமற்ற இந்தியர்களைப் பதிய 2011-இல் ‘மைடஃப்தார்’ என்னும் இயக்கத்தை அரசே நடத்த நேர்ந்தது. விடுதலை பெற்று அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அப்படியோர் இயக்கம் தேவைப்பட்டதென்றால், பழுது எத்துணை ஆழமானது! பாட்டனுக்குச் சான்றில்லை, தந்தைக்குக் குடியுரிமையில்லை, பேரன் பள்ளி வாயிலில் பிறப்புப் பத்திரமின்றி நிற்கின்றான்.

இங்கேதான் தமிழாசிரியரின் கடமை தொடங்குகின்றது. பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, குடியுரிமை விண்ணப்பம் ஆகியவற்றைப் பெற்றோருக்கு விளக்குவது இலக்கணம் கற்பித்தலினும் தாழ்ந்த பணியன்று. தோட்ட வரலாற்றை மாணவர்க்குச் சொல்வது அதனினும் இன்றியமையாதது. தன் பாட்டி திறனற்றவள் அல்லள் என்று அறியும் மாணவனே, தன் ஊர்ச் செம்பனைக் காட்டில் குலை வெட்டும் அயலானையும் திறனற்றவன் என்று இகழான்.

நிபுணரை நாடு வரவேற்கட்டும். அவர் குடும்பத்தோடு வாழட்டும். அந்த உரிமை சம்பளத்துக்குக் கிடைக்கும் பரிசாக அன்றி, உழைக்கும் மனிதர் அனைவர்க்கும் உரியதாகட்டும். உளியின் ஆழத்தை விரல்நுனியால் அறிந்தவர்களைத் திறனற்றோர் என்று எழுதிய ஏட்டைத் திருத்துவதே அதற்கு முதற்படி.