மூன்றாவது பொம்மைக் கதை

சென்ற மாதம் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வருகையில் நம் பங்கைச் சேர்ந்த இளந்தாய் ஒருவர் என்னை நிறுத்தி, “ஐயா, என் மகனுக்கு ஐந்து வயது. ‘டாய் ஸ்டோரி’ முதற்படத்தை நூறு முறையேனும் பார்த்திருப்பான். இப்போது மூன்றாம் படத்தைக் காட்டு என்று பிடிவாதம் பிடிக்கின்றான். காட்டலாமா?” என்று வினவினார். “பொம்மைப் படந்தானே அம்மா, தாராளமாகக் காட்டுங்கள்” என்று ஒரு காலத்தில் நானும் சொல்லியிருப்பேன். இன்று அவ்விதம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

முதற்படம் 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. முழுவதும் கணிப்பொறியிலேயே வரையப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம் அதுவே. மனிதர் கண் மறைந்ததும் உயிர்பெற்று நடமாடும் பொம்மைகள். அவற்றுக்குத் தலைவனாக உடி என்னும் மாட்டுக்காரப் பொம்மை. புதிதாக வந்து சேரும் பஸ் என்னும் விண்வெளி வீரன். இரண்டாம் படம் 1999இல் வந்தது. மூன்றாம் படமோ 2010இல்தான் வந்தது. இந்தப் பதினோராண்டு இடைவெளியைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். முதற்படத்தை ஐந்து வயதில் கண்ட குழந்தை 2010இல் இருபது வயது இளைஞனாகியிருப்பான். படத்தில் வரும் ஆண்டி என்ற சிறுவனும் பதினேழு வயது நிரம்பிக் கல்லூரிக்குப் புறப்படுகின்றான். வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளையும், அவர்களை வழியனுப்பும் தாய் தந்தையரையும் மனத்திற்கொண்டே இயக்குநர் லீ அன்கிரிச் கதையை நடத்திச் செல்கின்றார். நம் வீட்டு ஐந்து வயதுக் குழந்தைக்கோ பெயரும் பொம்மைகளும் மட்டுமே பழக்கமானவை. கதை வேறொருவருக்கு உரியது. தொடர்ச்சிப் படங்கள் பலவற்றிலும் மறைந்திருக்கும் இடர் இதுவே. முதற்படத்தின் மீது கொண்ட நம்பிக்கையில் அடுத்ததையும் ஆராயாமல் ஏற்றுக்கொள்கின்றோம்.

சான்றிதழைப் பார்த்தால் போதாதா என்பீர்கள். அமெரிக்காவில் இப்படத்திற்கு எல்லா வயதினரும் காணலாம் என்னும் ‘ஜி’ தரமே வழங்கப்பட்டது. நம் நாட்டில் 2023இல் திருத்தப்பட்ட சட்டம் ‘யுஏ’ சான்றிதழை ஏழு, பதின்மூன்று, பதினாறு என வயது வாரியாகப் பிரித்தது நல்லதே. ஆயினும், ஒரு குறிப்பிட்ட குழந்தையின் மனம் எதைத் தாங்கும் என்பதை எந்தக் குழுவினரும் அறிய இயலாது.

இப்படத்தில் அச்சமூட்டும் காட்சி எது என்று கேட்டால், பார்த்தவர் அனைவரும் குப்பைக் கிடங்கின் உலையையே சொல்வர். பொம்மைகள் யாவும் குப்பைக் குவியலோடு குவியலாக நெருப்பை நோக்கிச் சரிகின்றன. தப்ப வழியில்லை எனக் கண்டதும் பேச்சின்றி ஒன்றன் கையை மற்றொன்று பற்றிக்கொண்டு கண்களை மூடுகின்றன. முதற்படத்திலும் அச்சம் உண்டு: பொம்மைகளைச் சிதைக்கும் அண்டை வீட்டுப் பையன் சிட், சிலந்திக் கால்மீது பொருத்திய குழந்தைத் தலை. ஆனால் அங்கே பொம்மைகள் ஒன்றுகூடி அவனை ஓட வைக்கையில் பயம் சிரிப்பாகிவிடும். இங்கே நம் நண்பர்கள் சாவை ஏற்றுக்கொண்டுவிட்டதைக் குழந்தை காண்கின்றது. இறுதியில் மூன்று கண் கொண்ட பச்சைப் பொம்மைகள் பெரிய பாரந்தூக்கியை இயக்கி எல்லாரையும் மீட்டுவிடுகின்றன என்பது உண்மையே. மீட்பு வந்துவிடுவதால், பெரும்பாலான பிள்ளைகள் அச்சத்தைச் சற்று நேரத்தில் உதறிவிடுவர்.

எனக்குக் கவலை தந்த காட்சி வேறொன்று. என் மகள் வீட்டில் பேத்திக்குப் பத்து வயது, பேரனுக்கு ஐந்து. கடைக்குட்டி பிறந்து அப்போது மூன்று திங்களே ஆகியிருந்தது. ஒரு மாலை இருவரையும் இருபுறமும் அமர்த்திக்கொண்டு இப்படத்தைக் கண்டேன். சன்னிசைடு என்னும் குழந்தைகள் காப்பகத்தில் பொம்மைகளைக் கொடுங்கோலனாக ஆளும் லாட்ஸோ என்ற கரடியின் முன்கதை வந்தது. டெய்சி என்னும் சிறுமியின் செல்லப் பொம்மை அது. வெளியூரில் ஓய்விடமொன்றில் மறந்து விடப்படுகின்றது. நெடுந்தொலைவு நடந்து வீடு வந்து, சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்கின்றது. உள்ளே டெய்சியின் கையில் அதே போன்ற வேறொரு கரடி!

உலையின்போது என் கையைப் பற்றிக்கொண்ட பேரன், இந்தக் காட்சியின்போது அசையவேயில்லை. நானும் பொருட்படுத்தவில்லை. அன்றிரவு படுக்கையில், “தாத்தா, கரடி தொலைந்து போனதால் புதுக்கரடி வாங்கினார்களா, புதுக்கரடி வந்ததால் இதைத் தேடவில்லையா?” என்று கேட்டான். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இரண்டு நாள் கழித்து, “அப்பா, இவன் பாப்பாவின் தொட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுக்கின்றான்” என்று மகள் என்னை அழைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பேத்தியின் நிலை வேறு. அவளை வாட்டியது லாட்ஸோவின் வஞ்சகம். குப்பை அரைக்கும் இயந்திரத்திலிருந்து உடியும் பஸ்ஸும் அந்தக் கரடியைக் காப்பாற்றுகின்றனர். அதுவோ, இயந்திரத்தை நிறுத்தும் பொத்தான் எட்டிய பிறகும் அதை அழுத்தாமல் ஓடிவிடுகின்றது. “உதவி செய்தவர்களை எப்படி விட்டுவிட்டு ஓட முடியும்?” என்று அவள் நெடுநேரம் வாதாடினாள். பத்து வயதில் அது நல்ல வாதம். ஆண்டி தன் பொம்மைகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து போனி என்ற சிறுமியிடம் ஒப்படைக்கும் முடிவுக் காட்சியில் பிள்ளைகள் இருவரும் கலங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் நானும் என் மகளுமே.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொன்னது: இரண்டாம் படத்தை இப்போதே காட்டுங்கள், ஜெஸ்ஸி என்னும் பொம்மை கைவிடப்படும் சோகம் அதிலும் உண்டெனினும் சுருக்கமானது. மூன்றாம் படம் எட்டு வயதுவரை காத்திருக்கட்டும். வீட்டில் புதுக்குழந்தை பிறந்திருந்தாலோ, தந்தை வெளிநாடு சென்றிருந்தாலோ, அண்மையில் வீடு மாறியிருந்தாலோ இன்னும் சிறிது தள்ளிப்போடுங்கள். உறவினர் வீட்டில் எப்படியும் பார்த்துவிடுவான் என்றால், நீங்களே முன்னதாக ஒருமுறை பார்த்துவிட்டு அவனருகே அமருங்கள். சாளரக் காட்சியில் படத்தை நிறுத்தி, அவன் என்ன எண்ணுகின்றான் என்று அங்கேயே கேளுங்கள்.

அவர் சற்று யோசித்து, “எனக்கு இது ஏழாம் மாதம், ஐயா” என்றார். நான் கவனிக்கவில்லை. படத்தை அடுத்த ஆண்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என இருவரும் முடிவு செய்தோம்.