பூச்சாண்டியின் முகம்

பாலிகஞ்சின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வளரும் தமிழ்க் குழந்தைக்குப் பயமுறுத்திகள் இருவர். சோறு உண்ண மறுத்தால் பாட்டி பூச்சாண்டியை அழைப்பார். உறங்க மறுத்தால் வீட்டு வேலைக்கு வரும் வங்கப் பெண்மணி 'ஜுஜு' வருவதாகச் சொல்வார். வங்கமொழி அரைகுறையாகத் தெரிந்த குழந்தைக்கும் இந்த எச்சரிக்கை உடனே விளங்கிவிடுகிறது. விளக்கை அணைத்தபின் அறையின் மூலையில் நிற்பவர் இவ்விருவருள் யார் என்பதில்தான் அதற்குக் குழப்பம்.

ஜுஜு எப்படி இருக்கும் என்று வங்கத்துப் பாட்டிமாரைக் கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். தமிழ்நாட்டிலும் அவ்வாறே. ஒரு வீட்டில் அவன் மூன்று கண்ணன். அடுத்த வீட்டில் ஐந்து கண்ணன். ஸ்பெயின் நாட்டுத் தாய்மார் அழைக்கும் 'கோகோ'வுக்கும் நிலையான உருவம் கிடையாது. ஓவியர் கோயா 1799ஆம் ஆண்டு வெளியிட்ட செதுக்கோவியத் தொகுதியில் இந்தக் கோகோவை வரைந்தபோது, முகத்தைக் காட்டாமல் தலைமுதல் துணி போர்த்திய ஓர் உருவத்தையே நிறுத்தினார். முகமில்லாத பூதத்தால் எவருக்கும் தீங்கில்லை. குழந்தை சற்று வளர்ந்ததும் அது தானே கரைந்துபோகிறது.

சில பூதங்களுக்குக் காவற்பணியும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பாசி படர்ந்த குளங்களில் 'ஜென்னி கிரீன்டீத்' என்னும் கிழவி ஒளிந்திருப்பாள் என்பர். ஜப்பானிய ஆறுகளில் 'கப்பா' காத்திருக்கும். நம் ஊர்க் கிணற்றுப் பேய்க்கும் இதே வேலைதான். நீச்சல் அறியாத குழந்தையை நீர்நிலையிலிருந்து விலக்கி வைக்க, வயலுக்குச் சென்ற தாயால் வேறு யாரை நியமித்திருக்க முடியும்? பயமுறுத்துதல் முழுவதுமே பிழை என்று இக்காலத்தார் சிலர் கூறுவது, வேலியும் சுவரும் இல்லாத கிணறுகளை மறந்து கூறும் கூற்றாகும்.

சிக்கல், பூதத்துக்கு மனித முகம் ஒட்டப்படும்போது தொடங்குகிறது.

வங்கத்தின் புகழ்பெற்ற தாலாட்டு ஒன்றில் குழந்தையை உறங்கவைக்க வருபவர்கள் 'பர்கி'கள். இவர்கள் கற்பனைப் படைப்புகள் அல்லர். நாக்பூரை ஆண்ட ரகுஜி போன்ஸ்லேயின் மராட்டியக் குதிரைப் படையினர், 1741 முதல் 1751 வரை மீண்டும் மீண்டும் வங்கத்தினுள் புகுந்து ஊர்களைக் கொள்ளையிட்டனர். நவாப் அலிவர்தி கானால் அவர்களை முற்றாகத் தடுக்க இயலவில்லை. அவர்களுக்கு அஞ்சி 1742ஆம் ஆண்டு கல்கத்தாவைச் சுற்றி ஓர் அகழி வெட்டத் தொடங்கினர். அது முழுமை பெறாமலே நின்றது. பின்னர் தூர்க்கப்பட்டு, அதன் தடத்தில் சர்க்குலர் சாலை எழுந்தது. பாலிகஞ்சிலிருந்து வடக்கே பேருந்தில் செல்வோர் ஆச்சாரிய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை என்று இன்று அழைக்கப்படும் அவ்வழியைக் கடந்தே செல்கின்றனர். அகழி மறைந்துவிட்டது, தாலாட்டு மறையவில்லை. அந்தக் குதிரைவீரனும் நாக்பூரில் ஒரு குழந்தையின் தந்தையாக இருந்திருப்பான் என்பதைத் தாலாட்டு சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆயினும் இன்றைய வங்கக் குழந்தை மராட்டியரைக் கண்டு ஓடுவதில்லை. பர்கி மறைந்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அவனை அடையாளம் காட்டும் குதிரையும் ஈட்டியும் தெருவில் இல்லை.

கோணிப்பைக்காரனின் நிலை வேறு. அவன் நாள்தோறும் தெருவில் நடந்து செல்கிறான். பழைய தாள், புட்டி பொறுக்குபவர், பிச்சை ஏற்பவர், ஊர் ஊராகச் சென்று பொருள் விற்பவர், காவி உடுத்தவர் என எவரும் குழந்தையின் கண்ணுக்குப் 'பிள்ளை பிடிப்பவன்' ஆகலாம். வங்கத்தில் அவனுக்குச் 'சேலே தொரா' என்று பெயர். இலங்கைச் சிங்களரிடையே 'கோனி பில்லா'. அந்நாட்டில் 1980களின் இறுதியில் நடந்த கிளர்ச்சிக் காலத்தில், தலையில் சாக்கை மாட்டிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுத்த உளவாளிகளுக்கு மக்கள் இட்ட பெயரும் கோனி பில்லாதான். தமிழர் பகுதிகளில் அத்தகையோரைத் 'தலையாட்டி' என்றனர். நம்முடைய பூச்சாண்டிக்கே இந்தக் கறை உண்டோ என ஐயுற இடமிருக்கிறது. உடலெங்கும் நீறு பூசிய ஆண்டியே, அதாவது 'பூச்சு ஆண்டி'யே, பூச்சாண்டி ஆயிற்று என்று விளக்கம் கூறுவோர் உளர்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பாலிகஞ்ச் ரயில் நிலையத்தை ஒட்டித் தண்டவாளங்களின் மேலே செல்லும் பாலம் பிஜன் சேது. 1982ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், அப்பாலத்திலும் அதன் அருகிலும் ஆனந்த மார்க்க அமைப்பின் துறவியர் 17 பேர் பட்டப்பகலில் கொல்லப்பட்டனர். அவர்கள் குழந்தைகளைக் கடத்துவோர் என்ற வதந்தி உலவியதாகக் கூறப்பட்டது. வதந்தி ஒரு போர்வை மட்டுமே, உண்மைக் காரணம் அரசியல் என்று வாதிடுவோரும் உண்டு. காரணம் எதுவாயினும், அந்தப் போர்வை எளிதில் கிடைத்தது என்பதை மறுக்க இயலாது.

தமிழ்நாட்டார் இதைப் பிற மாநிலத்துக் கதையாக எண்ண வேண்டா. 2018ஆம் ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி உறவினருடன் சென்னையிலிருந்து சென்ற முதிய பெண்மணி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கருதிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அதே ஆண்டு ஜூலை முதல் நாள், மராட்டிய மாநிலத்தின் துலே மாவட்டத்தில் பிச்சை ஏற்று வாழும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் இதே ஐயத்தால் உயிரிழந்தனர். வாட்ஸ்அப் செய்திகளே காரணம் எனப் பலரும் எழுதினர். செய்தியைக் கொண்டுவந்தது கைப்பேசிதான். ஆனால் அதைப் படித்த நொடியே நம்புவதற்கான பயிற்சியை அக்கூட்டத்தினர் நான்கு வயதில், சோற்றுக் கிண்ணத்தின் முன்னால் பெற்றிருந்தனர்.

அறிமுகமற்றவரிடம் எச்சரிக்கை வேண்டாமா என்று பெற்றோர் கேட்பர். வேண்டும். கேளாமல் எவருடனும் செல்லாதே, பிடிக்காத வகையில் எவரேனும் தொட்டால் உரக்கக் கத்து, வீட்டில் உடனே சொல், 1098 என்னும் எண்ணை மனத்தில் வை என்று சொல்லித் தருவது எச்சரிக்கை. சாக்கு சுமப்பவரைக் கைகாட்டி "பிடித்துக்கொண்டு போய்விடுவார்" என்பது எச்சரிக்கை ஆகாது. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளுள் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அவர்களுக்கு முன்பே அறிமுகமானவர்கள் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகள் காட்டுகின்றன. கோணிப்பைக்காரனையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை தவறான திசையில் காவல் நிற்கிறது.

வங்க இலக்கியம் இதை என்றோ கண்டுகொண்டது. இரவீந்திரநாத் தாகூர் 1892இல் எழுதிய 'காபூலிவாலா' சிறுகதையில் ஐந்து வயது மினி, தோளில் மூட்டையுடன் வரும் ஆப்கானிய வணிகன் ரகமத்தைக் கண்டதும் ஓடி ஒளிகிறாள். அம்மூட்டைக்குள் தன்னைப் போன்ற குழந்தைகள் அடைபட்டிருப்பதாக அவளுக்கு எண்ணம். ரகமத் உலர்ந்த பழங்களைத் தருகிறான், பேசுகிறான். சில நாளில் மூட்டைக்குள் என்ன என்று அவளே கேட்கிறாள். யானை என்கிறான் அவன். இருவரும் சிரிக்கின்றனர். மினியின் தாய்க்கோ அச்சம் தீரவில்லை. குழந்தைகள் கடத்தப்படுவதில்லையா, அடிமைகளாக விற்கப்படுவதில்லையா என்று கணவரை விடாமல் கேட்கிறாள். வாசலில் அமர்ந்து அவனோடு நாள்தோறும் பேசியவள் மினி. தாய் உள்ளறையில் இருந்தபடியே அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.