உயிரும் வேண்டும், நினைவும் வேண்டும்



மூளையில் கட்டி என்று தெரிந்ததும் நம் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "உயிர் பிழைக்குமா?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், "நினைவு என்னாகும்?" என்ற இரண்டாவது கேள்வியையும் சிகிச்சைக்கு முன்பே கேட்க வேண்டும் என்பேன் நான்.

கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பழிப்பது என் நோக்கமன்று. எத்தனையோ பேருக்கு அது வாழ்நாளை நீட்டித் தருகிறது. கட்டியை அடக்காமல் விட்டால் உயிரும் போகும், அறிவும் போகும். எனினும், கட்டியை அழிக்கும் கதிர் அண்டையிலுள்ள நல்ல பகுதியையும் தாக்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுகின்றன; நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள உறை சிதைகிறது; புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி நலிகிறது. இதன் விளைவு சிலருக்குச் சில மாதங்களில் தெரியும். சிலருக்கு ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும்.

என் உறவினர் ஒருவர் மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளை. சிகிச்சைக்குப் பின் ஓராண்டு நன்றாகவே இருந்தார். பிறகு, வாங்கிய பணத்தை வரவு வைக்க மறந்தார், சொன்னதையே சொன்னார், ஒரு வேலைக்கிடையே மற்றொன்று வந்தால் திகைத்து நின்றார். முதலாளி 'கவனமில்லை' என்றார். வீட்டார் 'சோம்பல்' என்றனர். இப்படியும் நேரலாம் என்று எவரேனும் முன்பே சொல்லியிருந்தால், அம்மனிதர் இத்தனை ஏச்சுக் கேட்டிருப்பாரா?

"உயிரைக் காப்பதே பெரும்பாடு, நினைவைப் பற்றி எண்ண நேரமேது?" என்பாரும் உளர். அவர்களுக்கு ஆராய்ச்சியே விடை கூறுகிறது. வேறிடத்துப் புற்றுநோய் மூளைக்குப் பரவி, மூன்று கட்டிகளுக்கு மேற்படாத 213 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிர் பெற்றவர்களில், மூன்று மாதத்தில் அறிவாற்றல் குன்றியோர் நூற்றுக்கு 64 பேர். அதனோடு மூளை முழுவதற்கும் கதிர் பெற்றவர்களிலோ 92 பேர்! முழு மூளைக் கதிர், கட்டி மீண்டும் தோன்றுவதைக் குறைத்தது உண்மை. ஆனால் வாழ்நாளைக் குறிப்பிடத்தக்க அளவு நீட்டவில்லை.

முழு மூளைக்கும் கதிர் தேவைப்படுவோருக்கும் வழியுண்டு. 518 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், இரு சாராருக்கும் மெமண்டைன் மாத்திரை கொடுத்து, ஒரு சாராருக்கு மட்டும் ஹிப்போகாம்பஸை விலக்கிக் கதிர் பாய்ச்சினர். அவர்களுக்கு அறிவாற்றல் குன்றும் ஆபத்து ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. அதனால் வாழ்நாள் குறையவில்லை. கட்டி அப்பகுதியை ஒட்டியிருந்தால் இம்முறை பொருந்தாது. பொருந்துமா என்று கேட்பதற்குத் தடையென்ன?

சிகிச்சைக்கு முன்பே நினைவாற்றலை அளந்து குறித்து வைக்க வேண்டும். முன்னளவு இல்லையேல், பின்னால் நேரும் இழப்பை எதனோடு ஒப்பிடுவது? அச்சோதனையும் தாய்மொழியில் அமைய வேண்டும். சில சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையைத் தமிழ் மட்டுமே அறிந்தவரிடம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடத்தினால், அளக்கப்படுவது மறதியன்று, மொழியறியாமையே!

தமிழகத்துக்கு வெளியே பயிலும் நமக்கு இங்கே ஒரு கடமை உண்டு. சிகிச்சை நாடி இவ்வூருக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்குத் துணை செல்வோம். அவர்கள் கேட்கத் தயங்கும் அந்த இரண்டாவது கேள்வியை மருத்துவரிடம் எடுத்துச் சொல்வோம். அவர் தரும் விடையைத் தமிழில் விளங்கச் சொல்வோம்.