பொதுப் பரீட்சை இல்லாத நான்கு ஆண்டுகள்

இலங்கையில் ஒரு பிள்ளை தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை எழுதி முடித்த பிறகு, க.பொ.த. சாதாரண தரத்துக்கான ஓட்டத்தைத் தரம் 10 இல் தொடங்கும் வரை நான்கு ஆண்டுகள் கிடைக்கின்றன. தரம் 6, 7, 8, 9. இந்த நான்கிலும் பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. பதினொரு வயதில் ஆறாம் தரத்துக்குள் வரும் பிள்ளை, ஒன்பதாம் தரத்தை முடிக்கும்போது பதினான்கைத் தாண்டியிருக்கும். தன்னுடைய கருத்து என்று ஒன்று பிள்ளைக்கு முதன்முதலில் உண்டாகும் வயது அது. அந்தக் கருத்தைச் சொல்லவும் எழுதவும், மற்றவருடைய கருத்தைக் கேட்டு எடைபோடவும் தமிழ்ப்பாடம் பழக்க வேண்டிய காலமும் அதுதான். அந்தக் காலத்தை நாங்கள் வீணடிக்கிறோம் என்பதே என் முறைப்பாடு.

இணுவிலை எடுத்துக்கொள்வோம். காங்கேசன்துறை வீதியில் கொக்குவிலைத் தாண்டினால் மருதனார்மடத்துக்கு முன்னால் வரும் ஊர். இந்துக் கல்லூரியும் மத்திய கல்லூரியும் இருக்கின்றன. பொது நூலகம் இருக்கிறது. பக்கத்து உடுவிலில் அமெரிக்க மிஷன் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கியது 1824 இல். தமிழ்வழிக் கல்வியியலில் எழுதிக் குவித்த பேராசிரியர் சபா. ஜெயராசா இந்த ஊர்க்காரர். கல்விக்குக் குறைவில்லாத மண். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் பள்ளி விட்டதும் பிள்ளை சைக்கிளை ரியூசன் பக்கம் திருப்புகிறது. அங்கே எட்டாம் தரப் பிள்ளைக்கும் கிடைப்பது தவணைப் பரீட்சைக்கான மாதிரி விடைதான். ‘ஒரு பழைய குடையின் சுயசரிதை’ என்று எழுதச் சொன்னால் எல்லாக் குடைகளும் ஒரே கடையில் விற்கப்பட்டு, ஒரே மழையில் நனைந்து, ஒரே மூலையில் கிடந்து அழுகின்றன. அந்தப் பந்தியைப் பிள்ளை எழுதவில்லை. பாடமாக்கி ஒப்புவிக்கிறது. புள்ளி கிடைத்துவிடுவதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதுமில்லை.

பாடத்திட்டத்தில் குறை இருக்கிறதா என்றால், பெரிதாக இல்லை. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் தயாரித்த ஆசிரியர் வழிகாட்டிகளில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கும் இருக்கின்றன. 2007 இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்ததிலிருந்து ‘தேர்ச்சி’, ‘தேர்ச்சி மட்டம்’, ‘கற்றற்பேறு’ என்ற சொற்கள் எல்லா ஆசிரியரின் பாடக்குறிப்பிலும் ஏறிவிட்டன. 2026 இல் தரம் 1, தரம் 6 இரண்டிலும் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்ட சீர்திருத்தத்தோடு மொடியூல் என்ற சொல்லும் வந்து சேர்ந்தது. சொற்கள் மாறுகின்றன. கேட்பதற்கும் பேசுவதற்கும் மட்டும் இன்றுவரை புள்ளி இல்லை. சாதாரண தரத் தமிழ்மொழிப் பரீட்சையில் வாய்மொழித் தேர்வு கிடையாது. புள்ளி இல்லாததைப் பள்ளி கற்பிக்காது, பெற்றோர் கேட்கவும் மாட்டார்கள். இலக்கு தாளோடு நின்றுவிடுகிறது.

இப்படியொரு வறுமை எங்களுக்கு வர நியாயமே இல்லை. புராண படனம் நடந்த ஊர்கள் இவை. கோயில் மண்டபத்தில் ஒருவர் கந்தபுராணப் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பதம் பிரித்துப் பயன் சொல்லுவார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்து வாழ்வையே கந்தபுராண கலாசாரம் என்று அழைத்ததற்குப் பின்னால் இந்த வழக்கம் இருந்தது. பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அங்கே மொழிக்கு என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். வாசிப்பவர் பிழையில்லாமல், கேட்பவருக்குச் சொல் விளங்கும்படி வாசிக்க வேண்டும். பயன் சொல்பவர் கடினமான செய்யுளை முன்னால் இருக்கும் மனிதர்களின் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கே விரிக்கலாம், எங்கே சுருக்கலாம் என்பதைக் கேட்பவரின் முகத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். பிழை விட்டால் சபையில் இருக்கும் ஒரு முதியவர் அங்கேயே திருத்திவிடுவார். வாசித்தல், விளங்குதல், விளக்குதல், கேட்டல் எல்லாம் ஒரே அமர்வில் முடிந்துவிடுகின்றன. ஏழாம் தர வகுப்பில் பாடநூலின் ஒரு பக்கத்தை ஒரு பிள்ளை வாசிக்க, அடுத்த பிள்ளை அதைத் தன் சொல்லில் சொல்ல, மூன்றாவது பிள்ளை ‘இதை விட்டுவிட்டாய்’ என்று குறுக்கிட விடுவதற்குப் புதிய மொடியூல் ஏதும் தேவையில்லை.

ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அவருக்கு முன்னால் இருந்தது வேறொரு பிரச்சினை. பிள்ளைகள் நிகண்டையும் நீதிநூலையும் மனனம் செய்தார்கள். வாசித்து விளங்க அவர்களுக்கு உரைநடை இல்லை. அதற்காகவே பாலபாடங்களை எழுதினார். சிறிய வாக்கியத்தில் தொடங்கும் அந்த வரிசை, நான்காம் பாலபாடத்துக்கு வரும்போது கள்ளுண்ணல், களவு, பொய் போன்ற தலைப்புகளில் காரணம் அடுக்கி வாதாடும் நீண்ட கட்டுரைகளாக வளர்ந்துவிடுகிறது. அவர் சொன்ன முடிவுகளோடு இன்று எல்லோரும் உடன்பட வேண்டியதில்லை. என்னைக் கவர்வது அந்த ஏறுவரிசை. இந்த வகுப்பை முடித்த பிள்ளை இவ்வளவு நீளமான வாதத்தைத் தொடர்ந்து வாசிக்க வல்லதாக இருக்க வேண்டும் என்ற தெளிவு அவரிடம் இருந்தது. நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் ஒன்பதாம் தரத்து இலக்குகளை வாசித்தால், அதை முடித்த பிள்ளை எதைச் செய்து காட்ட வேண்டும் என்று ஒரே வரியில் சொல்ல முடிவதில்லை.

என்னைக் கேட்டால், ஒன்பதாம் தரம் முடிக்கும் பிள்ளை ஒரே விடயத்தைப் பற்றிய இரண்டு எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவை எங்கே முரண்படுகின்றன, எது எந்த ஆதாரத்தில் நிற்கிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். இதை நான் முதலிடத்தில் வைப்பதற்குச் சுன்னாகத்துக் கிணறுகள்தான் காரணம். 2014, 2015 காலத்தில் சுன்னாகம் மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்துவிட்டது என்று சுன்னாகமும் இணுவிலும் அடங்கிய வலிகாமம் முழுவதும் பதற்றம். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லுக்குள் ஊறும் மழைநீரே எங்கள் கிணறு. ஒரு நிபுணர் குழு அபாயமில்லை என்றது. வேறு பரிசோதனைகள் எண்ணெய் இருக்கிறது என்றன. பத்திரிகைகள் இரண்டையும் அச்சிட்டன. முகநூலில் மூன்றாவது, நான்காவது கதைகள் ஓடின. விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 இல் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பு வந்தது. பதற்றம் நிலவிய அந்த மாதங்களில் எத்தனையோ வீடுகளில் ஒரு துண்டுப் பிரசுரத்தை வைத்துக்கொண்டு, இந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று தெரியாமல் தாய்மார் திகைத்து நின்றார்கள். அவர்களும் தமிழ்ப்பாடத்தில் சித்தி பெற்றவர்கள்தான். அவர்கள் படித்த தமிழ்ப்பாடம் ஓர் அறிக்கையை வாசிக்கும் முறையை அவர்களுக்குப் பழக்கவில்லை.

உலகளவில் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் பிர்ல்ஸ் மதிப்பீடு, நாலாம் வகுப்புப் பிள்ளையிடமே நான்கு வேலைகளை எதிர்பார்க்கிறது. நேரடியாகச் சொல்லப்பட்டதைக் கண்டெடுத்தல், சொல்லாததை ஊகித்தல், தகவல்களை இணைத்துப் பொருள் காணுதல், எழுத்தையே மதிப்பிடுதல். எங்கள் ‘பின்வரும் பந்தியை வாசித்து விடை தருக’ கேள்விகளில் பெரும்பாலானவை முதலாவது படியோடு நின்றுவிடுகின்றன. பந்தியிலுள்ள வாக்கியத்தைப் பெயர்த்து விடையாக எழுதினால் போதும்.

பேச்சுக்கு வருவோம். அகில இலங்கைத் தமிழ்மொழித்தினப் போட்டியில் வாசிப்பு, பேச்சு, பாவோதல், நாடகம் எல்லாம் உண்டு. கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு வகுப்பிலிருந்து மேடைக்குப் போவது ஒரு பிள்ளை. பெரும்பாலும் நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளைதான், அதுவும் ஆசிரியர் எழுதிக் கொடுத்த பேச்சோடு. மிச்சப் பிள்ளைகள் கைதட்டப் பழகுகிறார்கள். மொழிப்பாடத்தின் பாதியை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்களை மன்னித்து அனுப்புகிற இந்த ஏற்பாட்டை நாங்கள் வழமை என்று ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

வேறு வழி இருக்கிறது என்பதற்குத் தமிழ் உலகத்துக்குள்ளேயே சான்று உண்டு. சிங்கப்பூரில் தொடக்கநிலை இறுதித் தேர்வின் தமிழ்த் தாளுக்கு 200 புள்ளிகள். அதில் 50 வாய்மொழிக்கு, 20 கேட்டல் கருத்தறிதலுக்கு. தமிழ் வீட்டில் தேய்ந்துகொண்டிருந்த சமூகம் அது. 2005 இல் அங்கே தமிழ்மொழிக் கற்பித்தலை மீளாய்வு செய்த குழு, வகுப்பில் பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுக்கும்படி சொன்னது. எங்களுக்கோ தமிழ் வீட்டிலும் வீதியிலும் சந்தையிலும் கிடக்கிறது. அந்தச் செல்வமே எங்களை அலட்சியக்காரர் ஆக்கிவிட்டது. ‘நேற்று அப்பா தோட்டத்துக்கு இறைக்கப் போனவர், நான் வாய்க்கால் மாறினனான்’ என்று ஒரு பிள்ளை சொல்லத் தொடங்கினால், வினைமுற்றைத் திருத்துவதற்காக ஆசிரியர் இடைமறிக்கிறார். பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. முதலில் முழுதாகச் சொல்ல விட வேண்டும். அதையே பிறகு ஊர் தெரியாத ஒருவர் வாசிப்பதற்காக எழுத்துத் தமிழில் எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு தமிழுக்கும் நடுவே தயக்கமில்லாமல் போய்வருவது ஆறாம் தரத்திலேயே பழக வேண்டிய திறன்.

எழுத்தைப் பற்றி என் வேண்டுகோள் ஒன்றுதான். பிள்ளை எழுதுவதற்கு ஆசிரியரைத் தவிர இன்னொரு வாசகர் இருக்க வேண்டும். எழுதுவதற்கான பொருளும் ஊரிலேயே இருக்கிறது. மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மேல் ‘கற்பகவல்லி நின் பொற்பதங்கள்’ என்ற பாடலை இயற்றியவர் இணுவில் ந. வீரமணி ஐயர். ரி. எம். சௌந்தரராஜன் பாடி உலகெங்கும் ஒலித்தது. வீரமணி ஐயர் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் கற்பித்தவர், 2003 இல் காலமானார். அவரிடம் படித்தவர்கள் இன்னும் இங்கே வாழ்கிறார்கள். எட்டாம் தரப் பிள்ளைகள் அவர்களிடம் போய்க் கேட்டு, குறிப்பெடுத்து, எழுதி, நூலகத்தில் வைக்கட்டும். அதேபோல மருதனார்மடம் சந்தையில் வெங்காயம் விற்பவரிடம் விலை ஏறி இறங்குவது ஏன் என்று கேட்டு எழுதட்டும். முதல் எழுத்து மோசமாகத்தான் இருக்கும். அதைத் திருப்பி எழுதும்போதுதான் பிள்ளை எழுதக் கற்கிறது. எங்கள் வகுப்பில் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வருவதோடு கதை முடிகிறது. பத்துக் கட்டுரைகளை ஒருமுறை எழுதுவதைவிட மூன்று கட்டுரைகளை மூன்றுமுறை எழுதுவது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இலக்கணத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. பிள்ளை தன் வாக்கியத்தைத் திருத்தும் வேளையில் புணர்ச்சியும் வேற்றுமையும் சொல்லிக் கொடுத்தால் அது தங்கும்.

ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். நாற்பது நிமிடப் பாடவேளை, நிறைந்த வகுப்பு, முடிக்க வேண்டிய பாடநூல், நிரப்ப வேண்டிய படிவங்கள். இது சாக்குப்போக்கு அல்ல, உண்மையான பாரம். ஆகவே புதிதாக எதையும் சேர்க்காமல் சிலவற்றைக் குறைக்கச் சொல்கிறேன். பாடநூலின் எல்லாப் பாடத்தையும் ஒரே ஆழத்தில் நடத்த வேண்டியதில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீடு ஏற்கெனவே ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது. அதற்கு மகரகமவின் அனுமதியோ புதிய சுற்றறிக்கையோ வேண்டாம். வலிகாமம் வலயத்தின் தமிழ்ப் பாட ஆசிரிய ஆலோசகர்கள் ஒரு மேசையில் கூடினால், தரம் 6 தொடக்கம் 9 வரை தவணைக் கணிப்பீட்டுப் புள்ளிகளில் கால்வாசியை வாசித்துப் பயன் சொல்வதற்கும் உரையாடலுக்கும் ஒதுக்கலாம். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் சுவரொட்டிப் போட்டி வைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு பிள்ளையும் நூலகத்தில் முன்பின் தெரியாத ஒரு பெரியவருக்கு ஒரு பக்கம் வாசித்து விளக்க வைக்கலாம். அதற்கான புள்ளியை அந்தப் பெரியவரே ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் துண்டையே பெற்றோர் சந்திப்பில் தேர்ச்சி அறிக்கையோடு சேர்த்துக் கையளியுங்கள்.