பதினெட்டு முடிஞ்சா தெருவா?

போன மாதம் ஒரு பையனுக்கு ரூம் தேடி மூணு நாள் அலைந்தேன். அவன் எனக்குச் சொந்தம் இல்லை. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன். பதினெட்டு முடிந்துவிட்டது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு துணிப்பை, பிளஸ் டூ மார்க் ஷீட், ஆதார் அட்டை. அவன் சொத்து அவ்வளவுதான்.

முதல் வீட்டுக்காரம்மா நல்லாத்தான் பேசினார். தண்ணி வரும் நேரம், கரண்டு பில், அட்வான்ஸ் எல்லாம் சொன்னார். அப்புறம் ஆரம்பித்தார்.

"அப்பா என்ன பண்றாரு தம்பி?"

"இல்லைங்க."

"அம்மா?"

"அவங்களும் இல்லைங்க."

"சொந்த ஊரு?"

சொன்னான்.

"ஊர்ல எந்தப் பக்கம்?"

பையன் முழித்தான். இந்தக் கேள்விக்கு ரெண்டே பதில்தான் உண்டு என்று இல்லத்தில் அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊர், இல்லாவிட்டால் காலனி. "காலனிப் பக்கம்தாங்க" என்று நான் சொன்னேன். "வீட்டுக்காரர் வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இது புதுசு இல்லை. 2004இல் நானும் ஓர் இல்லத்திலிருந்து இப்படித்தான் வெளியே வந்தேன். எங்கம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் வளர்த்தாள். அவள் நோயில் விழுந்ததும், "அங்க போனா மூணு வேளை சோறு, படிப்பு" என்று சொல்லி என்னைக் கூட்டிப் போனார்கள். எங்களோடு இருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். ஆனாலும் எங்களுக்குப் பெயர் அநாதை. கூலி இல்லாத வீட்டில் பிறந்ததுதான் எங்கள் அநாதைத்தனம். அந்தச் சோற்றுக் காசை எங்கம்மா கையில் மாதாமாதம் கொடுத்திருந்தால் நான் அவள் மடியிலேயே வளர்ந்திருப்பேன்.

வெளியே வந்த அன்று பரோட்டாக் கடையில் இலை எடுக்கச் சேர்ந்தேன். கடை சாத்தினதும் பெஞ்சில் படுக்கை. ரெண்டு வருஷம் அதுதான் என் விலாசம். அப்போதிருந்த 2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்திலும் பிற்காப்பு என்று ஒன்று இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது இருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது அதன் 3ஆம் பிரிவு. 44ஆம் பிரிவு வேறொரு குடும்பத்தில் வைத்து வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்பைப் பேசுகிறது. 45ஆம் பிரிவு குடும்பத்துக்கு நிதி ஆதரவு தரச் சொல்கிறது. 46ஆம் பிரிவு, பதினெட்டு முடிந்து வெளியேறும் பிள்ளையைப் பற்றியது. அந்தப் பிள்ளைக்குப் பண உதவி 'வழங்கப்படலாம்' என்கிறது. வழங்க வேண்டும் என்று சொல்லவில்லை. 'லாம்'! இந்த ரெண்டு எழுத்துக்குள்தான் என் பையன் நடுத்தெருவில் நிற்கிறான்.

2022இல் வந்த மிஷன் வாத்சல்யா நெறிமுறைகள் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் என்கின்றன. 21 வயது வரை, நீட்டித்தால் 23 வரை. ரூம் வாடகை, சாப்பாடு, பஸ், படிப்பு எல்லாம் இதற்குள். இதை எழுதிய அதிகாரி சென்னையில் ஒரு மாதம் வாழ்ந்து காட்டட்டும். அதுவும் மனுப் போடத் தெரிந்தவனுக்குத்தான். அப்படி ஒரு பணம் இருப்பதே என் பையனுக்குத் தெரியாது.

"எல்லாப் பிள்ளையும்தான் பதினெட்டு வயசுல கஷ்டப்படுது" என்பார்கள். பொய். சாதி இந்துப் பிள்ளை பட்டணத்துக்கு வந்தால் சித்தப்பா வீடு இருக்கிறது, மாமா கடை இருக்கிறது, சாதிச் சங்கத்தின் விடுதி இருக்கிறது, கல்வி நிதி இருக்கிறது. அவர்களுக்குச் சாதிதான் பிற்காப்பு. அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. எங்கள் பிள்ளைக்கு அரசு நாலாயிரம் கொடுத்தால் மட்டும் அது கருணை!

இன்னொரு மோசடியும் நடக்கிறது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, ஆதரவின்றி, அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம் உண்டு. சாதியே தெரியாத பிள்ளைக்கு அது நியாயம். ஆனால் சேரியிலிருந்து போன பிள்ளைக்கு, சேர்க்கிற அன்றே பெற்றவர் சான்றை வைத்துப் பட்டியல் சாதிச் சான்று வாங்காமல் விட்டால், அப்புறம் யாரைக் காட்டி வாங்குவான்? தாலுகா ஆபீசில் அவன் சாதி தெரியவில்லை என்கிறார்கள். வாடகை வீட்டில் மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

வளர்ப்புப் பராமரிப்புக்கு நான் எதிரி இல்லை. கட்டடத்தைவிடக் குடும்பம் மேல். ஆனால் 'வளர்ப்பு' என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு வயிறு கலங்கும். ஆண்டை வீட்டில் மாடு மேய்க்க விட்ட பையனையும் 'வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருக்கோம்' என்றுதான் சொன்னார்கள். அவனுக்குச் சோறு கொல்லையில், படுக்கை தொழுவத்தில். கொத்தடிமை முறையை ஒழித்து 1976இல் சட்டம் வந்தது. ஊர்ப் புத்தி அந்தச் சட்டத்தோடு ஒழியவில்லை. அதனால் பார்வையிட வருகிற அதிகாரி பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்: எந்தத் தட்டில் சாப்பிடுகிறாய்? எங்கே படுக்கிறாய்? வீட்டு வேலை எவ்வளவு? பள்ளிக்கூடம் தினம் போகிறாயா?

சேரியில் ஆத்தா செத்தால் அத்தை எடுப்பாள், பெரியம்மா எடுப்பாள், பக்கத்து வீட்டு ஆயா தன் கஞ்சியில் பாதி ஊற்றுவாள். காலங்காலமாக நாங்கள் செய்கிற வளர்ப்புப் பராமரிப்பு இது. அந்த ஆயாவைத் தேடிப் போய்ப் பணத்தைக் கொடு. குடிசை என்று சொல்லித் தள்ளாதே.

தோழர்களே, அரசைத் திட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கி, 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தார். வீட்டை விட்டு வந்த நம் பிள்ளைக்குப் படுக்க இடமும் விளக்கும் வேண்டும் என்பது அவர்களுக்கு விடுதலை அரசியலாக இருந்தது. நமக்கு? சிலைக்கு மாலை போட வருகிற கூட்டத்தில் பாதிப்பேர், இல்லத்து வாசலில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு வாடகைக் கையெழுத்துப் போட வருவார்களா?

நாம் கேட்க வேண்டியது இவை. 46ஆம் பிரிவில் 'லாம்' போய் 'வேண்டும்' வரட்டும். பிள்ளை வெளியேறுவதற்கு ஓராண்டு முன்பே தங்குமிடம், வங்கிக் கணக்கு, சாதிச் சான்று எல்லாம் தயாராகட்டும். பிற்காப்புத் தொகை ஊர் வாடகைக்குத் தக்கபடி உயரட்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் நாலைந்து பேர் சேர்ந்து தங்க அரசு வீடு எடுத்துக் கொடுக்கட்டும். சமைக்க, சம்பளக் காசைக் கையாள, உடம்புக்கு முடியாதபோது ஆஸ்பத்திரிக்குப் போகக் கூட நின்று சொல்லித்தர ஓர் ஆள் இருக்கட்டும்.

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் இருக்கிற இல்லத்துக்குப் போய், இந்த வருஷம் யாருக்குப் பதினெட்டு முடிகிறது என்று கேளுங்கள். எனக்குக் கிடைத்த பையன் இப்போதைக்கு என் வீட்டில் படுத்திருக்கிறான். ரூம் இன்னும் கிடைக்கவில்லை. நாளைக்கும் தேடப் போகிறோம்.